சங்கு ஊதாத வேலை



1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை வந்தது. 1964-இல் தொழிற்பேட்டை உருவானது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. நம் பகுதிப் பங்குகள் பலவும் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களால் வளர்ந்தவை. சங்கு ஊதியதும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார். அதன்பின் மேலதிகாரி அவரைத் தேடி வரமாட்டார்.

அதே வீடுகளில் இன்று பிள்ளைகள் மடிக்கணினி முன் அமர்ந்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் பொது முடக்கத்தோடு வீட்டுக்குள் வந்த வேலை, பலருக்கு வாரத்தில் சில நாட்களாவது அங்கேயே தங்கிவிட்டது. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. நாம் குடும்ப செபமாலைக்கு அமரும் வேளையில்தான் அங்கே அலுவலகம் திறக்கிறது.

இல்லச் சந்திப்புகளில் நாம் காண்பது மூடிய கதவு. மீட்டிங் முடியட்டும் என்று மிக்ஸி போடாமல் காத்திருக்கும் தாய். "பையன் வீட்டுலதான் இருக்கான் ஃபாதர், ஆனா முகம் பார்த்துப் பேசி நாலு நாளாச்சு" என்றார் ஒருவர், சிரித்துக்கொண்டே. பிறகு வெளியே வந்த அந்த இளைஞர் சொன்னது நம்மை யோசிக்க வைத்தது: "முன்னாடி ரயில்ல நசுங்கித்தான் வருவேன். ஆனா ஆவடி வர்றதுக்குள்ள ஆபீஸ் மறந்துபோயிடும்."

தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரல் 21-இல் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவன்று, திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். ஆலைக்கு வந்த 12 மணி நேரம் ஊரையே எழுப்பியது. படுக்கையறைக்குள் வந்த 12 மணி நேரத்துக்கு யார் குரல் கொடுத்தார்கள்?

பணிநேரம் முடிந்தபின் அலுவலகத்தின் அழைப்பை ஏற்காதிருக்கும் உரிமையை பிரான்சு 2017-இலும் ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டிலும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நம் மக்களவையில் சுப்ரியா சுலே இதற்கான தனிநபர் மசோதாவை 2018-இலும் 2025-இலும் கொண்டுவந்தார். தனிநபர் மசோதா இங்கே சட்டமாவது அரிதிலும் அரிது.

ஆகவே, தூக்கம் கெட்டு, எரிச்சல் மிகுந்து வருபவரிடம் 'மனதை அமைதியாக வைத்துக்கொள், செபம் செய்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது சரியல்ல. நாமும் அப்படி அனுப்பியதுண்டு. கோளாறு எல்லாம் மனதில் இல்லை. முடிவில்லாத வேலை நேரத்திலும் இருக்கிறது. குருமடத்தில் நாம் எழுந்ததும் படுத்ததும் மணியோசைக்குத்தான். அன்று அது சலிப்பூட்டியது! இன்று இப்பிள்ளைகளுக்கு மணியடிக்க ஒருவரும் இல்லை. வீட்டார்தாம் அடிக்க வேண்டும்: கணினியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கச் சொல்லலாம், ஒருவேளைச் சாப்பாட்டுக்காவது கூப்பிட்டு உட்காரவைக்கலாம். உறக்கமின்மையும் தனிமையும் நாள்கணக்கில் நீடித்தால் 14416-ஐ அழைக்கத் தயங்கவேண்டாம். அரசின் இந்த மனநலச் சேவை இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அந்த இளைஞர் இப்போது வேலை முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஆவடி ரயில் நிலையம் வரை நடந்துவிட்டுத் திரும்புகிறாராம். அம்மா அதுவரை சாப்பிடாமல் காத்திருக்கிறார்.