காது டெஸ்ட் எடுத்தாச்சு, ரிசல்ட் எங்கே?

இன்பிளான்ட் டிரெய்னிங்னு மாத்தூர் சிட்கோ பக்கம் போய் வந்தவங்க நம்மில் நிறைய பேர் இருப்பீங்க. நான் போன ஷெட்டின் பேர் இங்கே வேண்டாம். அங்கே கிரைண்டர் பிடிக்கும் ஒரு அண்ணன், நான் எது பேசினாலும் என் வாயையே பார்ப்பார். டீ டைமில் மெஷின் எல்லாம் நின்ற பிறகும் அப்படித்தான்.

"காது டெஸ்ட் எடுத்தாங்களாண்ணே?"

"எடுத்தாங்களே. கிரைண்டரை வச்சுட்டு நேராப் போனேன், அஞ்சு நிமிஷம்தான்."

"ரிசல்ட் என்ன வந்துச்சு?"

"அது ஆபீஸ்ல இருக்கும் தம்பி."

சத்தத்திலிருந்து நேராகப் போய் எடுத்தால் அந்த டெஸ்டே தப்பு. இரைச்சலில் களைத்த காது தற்காலிகமாக மந்தமாகும். ஓய்வு கொடுத்தால் ஓரளவு திரும்பும். அதனால்தான் ஒப்பிட அடிப்படையாக வைக்கும் முதல் டெஸ்டுக்கு முன் சுமார் 14 மணி நேரம் காது இரைச்சலில்லாமல் இருக்கணும் என்கிறார்கள். ஷிஃப்ட் நடுவில் எடுத்தால் எது களைப்பு, எது நிரந்தர இழப்பு என்று யாருக்குத் தெரியும்?

ஒழுங்காக எடுத்த ஆடியோகிராமைப் பார்த்திருக்கீங்களா? நம்ம ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் கிராஃப் மாதிரிதான். இரைச்சலால் கெட்ட காதில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் முதலில் ஒரு பள்ளம் விழும். 500, 1000-இல் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் ஆளுக்கே தெரியாது. பேசுறது கேட்கும், 'ச', 'ஸ' மாதிரி எழுத்துகள் மட்டும் நழுவும். "வாயைத் திறந்து பேசு"னு வீட்டில் சண்டை வரும். உள்காதில் செத்துப்போன மயிர்செல் மறுபடி முளைக்காது.

8 மணி நேர வேலைக்கு நம் நாட்டு விதி 90 டெசிபல். 100 ஆனால் 2 மணி நேரம்தான். தகட்டில் கிரைண்டர் வைத்தால் 100 சாதாரணமாக வரும். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சட்டத்தின் அட்டவணையிலேயே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். இழப்பீட்டுச் சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் காகிதம் ஆபீஸ் பீரோவில் தூங்கினால் இதெல்லாம் யாருக்கு?

"காப்பி கேளுங்கண்ணே" என்றேன். "கேட்டா, காது போச்சுன்னு நிறுத்திட்டா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

என் வாதம் இதுதான். ஆடியோகிராமை ஆளின் குறையாகப் படிக்கிற வரைக்கும் அந்தப் பயம் போகாது. ஒரே பேயில் மூன்று பேருக்கு 4000-இல் பள்ளம் விழுந்தால் ரிப்பேர் ஆளுக்கா, பேக்கா? பேரிங் சூடானால் பேரிங்கையா திட்டுவோம்? அந்த இடத்துக்குத் தடுப்பு வைக்கணும், அதிரும் தகட்டுக்கு அடியில் டேம்பிங் கொடுக்கணும், ஆளை மாற்றி மாற்றி நிறுத்தணும். இயர்மஃப் கடைசியில்தான். (வெயில் மாசத்தில் தகர ஷெட்டுக்குள் இயர்மஃப் போட்டுப் பாருங்க, ஏன் கழற்றி வைக்கிறாங்கனு தெரியும்.)

அந்த ஃபைலில் நாளைக்குக் கையெழுத்துப் போடப்போறது நீங்களும் நானும்தான். பிளேஸ்மென்ட் கிடைத்துச் சேரும்போது, ஷாப் ஃப்ளோருக்குள் கால் வைப்பதற்கு முன்பே உங்க காதுக்கு ஒரு டெஸ்ட் கேளுங்க. காப்பி வாங்கி போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் இது உண்டானு அன்றைக்கே ஹெச்ஆரிடம் கேளுங்க.