தராசைத் தொடாத வேதியியல்

அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளுக்குள் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்தது. 2022-23 பட்ஜெட்டில் 750 மெய்நிகர் ஆய்வகங்கள். டிங்கரிங் ஆய்வகத்துக்கு ரோபோவும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் வரட்டும். ஆனால், ஒரு கரைசலைக்கூடத் தன் கையால் தயாரிக்காமல் பிளஸ் டூ வேதியியலில் தேறிவிட முடிகிறதே, அதை எந்த பட்ஜெட் சரிசெய்யப் போகிறது?

தமிழ்நாட்டுப் பாடநூலின் பருமனறி பகுப்பாய்வைப் பாருங்கள். 0.1102 நார்மல் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் திட்டக் கரைசல் தயாராகத் தரப்படுகிறது. நான்கு தசம இடங்கள்! இந்த எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கணக்கில் போட்டால் போதும்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதுதான் வேதியியல். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 43.2 கிராம் உப்பை நிறுக்க வேண்டும். இரும்பு பழுப்பேறாதிருக்க நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துக் கரைக்க வேண்டும். பீக்கரை அலசிய நீரையும் சொட்டு விடாமல் திட்டக் குடுவையில் ஊற்ற வேண்டும். கடைசித் துளிகளைச் சொட்டு சொட்டாக விட்டு, நீர்மட்டத்தின் அடிவளைவு கோட்டைத் தொடுகிறதா என்று கண்மட்டத்தில் பார்க்க வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். உப்பின் மீது ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றினால் ஒரு லிட்டர் கரைசல் கிடைக்காது என்பது இப்படிச் செய்தால்தான் உறைக்கும். ஆக்சாலிக் அமிலப் படிகத்தின் மூலக்கூறு நிறையை 126 என்று கொள்ளாமல், படிக நீரை மறந்து 90 என்று கணக்கிட்டு நிறுத்தால், செறிவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். ஒருமுறை இப்படிச் சறுக்கியவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

சிபிஎஸ்இ பாடத்திட்டமோ திட்டக் கரைசலை மாணவரே நிறுத்துத் தயாரிக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? இது சலுகையல்ல, வஞ்சனை.

“வகுப்பில் ஐம்பது பேர், தராசு ஒன்று” என்பார்கள். இது சாக்கு. குழுவுக்கு ஐந்து பேர் என்று முறைவைத்தால் ஒரே வாரத்தில் முடியும். 250 மில்லி லிட்டர் டெசிநார்மல் ஆக்சாலிக் அமிலத்துக்குத் தேவை 1.58 கிராம்தான், செலவைக் காரணம் காட்ட யாருக்கும் வாய் வரக்கூடாது. மெய்நிகர் ஆய்வகம் போதும் என்பவர்களுக்குப் பதில் சொல்வதே வீண். திரையில் கை நடுங்காது. பொடி தராசுத் தட்டில் சிந்தாது.

செறிவைக் கையால் உணராததன் விளைவு பள்ளிக்கு வெளியேயும் தெரிந்தது. 2020 ஏப்ரலில் திருப்பூரில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைத்து, மனிதர்கள் மீது ஹைப்போகுளோரைட் தெளித்தோம். அதே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் அது தீங்கானது என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. எந்தப் பொருள், எவ்வளவு செறிவு, எதன் மீது என்ற கேள்வி முன்கூட்டியே எழாமல் போனதற்கு நம் பள்ளி ஆய்வகங்களே பொறுப்பு.

செய்முறைத் தேர்வின் 20 மதிப்பெண்ணில் 8-ஐக் கரைசல் தயாரிப்புக்கு ஒதுக்குங்கள். மாணவர் தயாரித்த கரைசலின் செறிவை அவரே கணக்கிட்டு எழுதட்டும். டிங்கரிங் ஆய்வகத்துக்குத் தரும் 20 லட்சம் ரூபாய் மானியத்தில், முதலில் பத்துத் தராசுகளும் ஐம்பது திட்டக் குடுவைகளும் வாங்கட்டும். ரோபோ அதற்குப் பிறகு வரட்டும்.