மண்கரைக்குக் காவலர் யார்?

ஏரிக்கரை மண்ணால் ஆனது. கல்லணைக்குள்ள புகழ் அதற்கில்லை. ஆயினும் தமிழகத்தின் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இத்தகைய கரைகளை நம்பியே நிற்கின்றன. துலை, நளித் திங்களில் (ஐப்பசி, கார்த்திகை) பெய்யும் மழையைத் தேக்கி, சுறவம் வரை பயிர்க்கு ஊட்டுவன அவையே.

மண்கரை ஆளின்றி நில்லாது. ஒரு நண்டு வளை போதும். அதன் வழிக் கசியும் நீர் மண்ணை அரித்து, ஓரிரவில் கரையையே உடைத்துவிடும். கலிங்கில் நட்ட கற்களின் இடையே களிமண்ணும் வைக்கோலும் அடைத்து, மழை ஓயுங்கால் சிறிது நீரைக் கூடுதலாகத் தேக்குவது பழைய வழக்கம். வெள்ளம் வருமுன் அவ்வடைப்பை எடுத்தாக வேண்டும். எப்பொழுது அடைப்பது, எப்பொழுது எடுப்பது என்பதை வானையும் வரத்துக்காலையும் பார்த்தறிந்தவர் நீர்க்கட்டியார். அவர்க்கு ஊரார் களத்தில் நெல் அளந்தனர். பல ஊர்களில் அவர் சேரியைச் சார்ந்தவர். ஊர் நிலமனைத்துக்கும் நீர் பங்கிட்டவர்க்குத் தமக்கென ஒரு காணி நிலம் இல்லாதிருந்தது தமிழர் நாணவேண்டிய செய்தி.

கருவியிலும் அறிவு இருந்தது. பழைய குமிழித் தூம்பில் நீரோடித் துளையும், அதன்கீழ்ச் சேறோடித் துளையும் அமைத்தனர். வயலுக்கு நீர் பாயும்போதே வண்டலும் உடன் வெளியேறிற்று.

உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலையால் தேர்ந்த முறையைக் கூறுகிறது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் ஓலைக்குப் புகலாகாது என்பது அதன் கட்டளை. அது பார்ப்பனர் ஊர். மறை கற்றார்க்கே அங்கு முதலிடம் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. கணக்குக் கேட்ட அந்த நெறிமட்டும் எல்லா ஊர்க்கும் உரியது.

ஆங்கிலேயர் ஆட்சி வரியைக் கறந்தது. ஏரிக்கென விடப்பட்டிருந்த இறையிலி நிலங்கள் பலவற்றைப் பறித்தது. பின்னர் 1858 இல் கட்டாய உழைப்புச் சட்டத்தால் ஊராரைக் கரைக்கு விரட்டியது. விடுதலைக்குப்பின், 100 ஏக்கருக்கு மேல் நீர்பாயும் ஏரிகள் பொதுப்பணித்துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. ஊரார்க்கு எஞ்சியது முறையீடு எழுதும் உரிமையே! 1960களில் ஏறத்தாழ 9 இலக்கம் எக்டேருக்கு ஏரி நீர் பாய்ந்தது. இன்று அதில் பாதியும் இல்லை.

2017 இல் அரசு 'குடிமராமத்து' என்று மீண்டும் தொடங்கி, முதற்கட்டமாக 1,519 பணிகளுக்கு 100 கோடி உருபா ஒதுக்கிற்று. (செப்பனிடல் என்னும் சொல்லிருக்க, அரபுச் சொல் எதற்கோ!) தூர் வாரியது நன்றே. ஆனால் மண்வாரிப் பொறி ஊரைக் கடந்தபின், ஆண்டு முழுதும் கரைமேல் நடந்து வளை தேடுபவர் யார்? சீமைக் கருவேலின் வேர் கரையைத் துளைக்குமுன் அதனைப் பிடுங்குபவர் யார்?

ஒவ்வோர் ஏரிக்கும் ஊரார் அனைவரும் தேர்ந்த ஒரு வாரியம் வேண்டும். அதில் சேரிக்கு உரிய இடமும், நீர்க்கட்டியார்க்கு உறுதியான ஊதியமும் வேண்டும். மழைக்கு முன் அதன் கணக்கு கரைமேலேயே, ஊரறியப் படிக்கப்படல் வேண்டும். சட்டம் வரும்போது வரட்டும். கன்னித் திங்களில் கரையின் முட்புதரை வெட்டி, வளைகளை அடைக்க உழவர் எவரும் ஆணைக்குக் காத்திருக்க வேண்டா.