உடைபடுவது வாகனம் மட்டுமா?

ஹைதராபாத்தின் குஷாய்குடா, செர்லபல்லி, மல்லாப்பூர், நாச்சாரம் தொழிற்பேட்டைகளுக்குத் தகடு கொண்டுவருவதும், முடிந்த பாகங்களைக் கொண்டுசேர்ப்பதும், ஷிப்டு முடிந்த தொழிலாளர்களை வீடு சேர்ப்பதும் ஆட்டோக்களும் சிறு சரக்கு வண்டிகளுமே. அவற்றில் பழையவற்றின் ஆயுளை முடித்துவைக்கும் வழியை ஒன்றிய அரசு சட்டமாக வகுத்திருக்கிறது. அச்சட்டம் யாருக்காக என்பதே நம் கேள்வி.

2021 ஆகஸ்ட் 13 அன்று பிரதமர் மோடி இக்கொள்கையைத் தொடங்கிவைத்த இடம், குஜராத்தில் நடந்த முதலீட்டாளர் மாநாடு. ஓட்டுநர்களின் சங்கங்கள் அல்ல, மூலதனத்தின் பிரதிநிதிகளே அங்கு முதன்மை விருந்தினர்கள். அடுத்த மாதம் 23ஆம் தேதி, வாகன உடைப்பு நிலையங்களுக்கான விதிகள் அறிவிக்கப்பட்டன.

திட்டத்தின் பெயரில் ‘தன்னார்வ’ என்னும் சொல் இருக்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் இத்தனை தூரம் அரிது. 2022 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த இரு சக்கர வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆயிற்று. காருக்கு 600 ரூபாய் 5,000 ஆயிற்று. ஆட்டோவின் தகுதிச் சான்றுக்கு 3,500, கனரக லாரிக்கு 12,500. கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்துவிட்டு, தானே நடந்து வந்தான் என்று எழுதிக்கொள்வதற்குப் பெயர் தன்னார்வமா?

ஒப்படைப்பவருக்குக் கிடைப்பதென்ன? புதிய வாகன விலையில் 4 முதல் 6 விழுக்காடு வரை பழைய இரும்பின் மதிப்பாகக் கிடைக்கும் என்றது அரசு. மூன்று லட்சம் ரூபாய் ஆட்டோ என்று வைத்துக்கொண்டாலும் 12,000 முதல் 18,000 வரைதான். சாலை வரிச் சலுகையோ, புதிய வண்டி வாங்க வல்லவருக்கு மட்டுமே. அதிலும் சொந்தக் காருக்கு 25 விழுக்காடு வரை. வாடகைக்கு ஓடும் வாகனத்துக்கு 15 விழுக்காடு வரை. வண்டியையே பிழைப்பாகக் கொண்டவனுக்குக் குறைந்த சலுகை! இந்த ஓர் ஏற்பாடே கொள்கையின் வர்க்க முகத்தைக் காட்டிவிடுகிறது.

உடைப்பு நிலையத்தைத் தனிநபரோ சங்கமோ தொடங்கலாம் என்கின்றன விதிகள். ஆனால் பதிவுக் கட்டணம் ஒரு லட்சம். வங்கி உத்தரவாதம் பத்து லட்சம். சென்னைப் புதுப்பேட்டையின் சிறு கடைக்காரருக்கு இக்கதவு திறக்குமா? டாடா, மஹிந்திரா, மாருதி-டொயோட்டா நிறுவனங்களுக்கோ அகலத் திறந்திருக்கிறது. புதியதை விற்பவரே பழையதையும் வாங்குகிறார்.

பழைய வண்டியின் புகையை நாம் நியாயப்படுத்தவில்லை. சாலையோரக் குடிசையில் வாழும் உழைப்பாளியின் குழந்தைதான் அதை முதலில் சுவாசிக்கிறது. காற்றைத் தூய்மையாக்கும் செலவை யார் தலையில் சுமத்துவது என்பதில்தான் நாம் முரண்படுகிறோம்.

உடைக்கும் தொழிலாளியின் நிலை இன்னும் கொடிது. 2022 மார்ச் 23 அதிகாலை, செகந்திராபாத் போய்குடாவில் பழைய பொருள் கிடங்கு தீப்பற்றி, அங்கேயே உறங்கிய பீகார் தொழிலாளர்கள் 11 பேர் மாண்டனர். அந்தத் துயரத்துக்குப் பிறகும், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் இடம் ‘தொழிற்சாலை’ எனப்படுவதற்கான தொழிலாளர் எண்ணிக்கையைப் பத்திலிருந்து இருபதாக உயர்த்தியது. 15 பேர் இரும்பு வெட்டும் கூடம் இனித் தொழிற்சாலை அல்ல!

நம் ஓட்டுநர் சங்கங்கள் உடனே செய்ய வேண்டியதும் உண்டு. வண்டியைக் காயலான் கடையில் தள்ளிவிட்டால் கடமை தீராது. 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்கே என்று தீர்ப்பளித்தது. எனவே பதிவுபெற்ற நிலையத்தில் ஒப்படைத்து, வைப்புச் சான்றிதழையும் உடைப்புச் சான்றிதழையும் பெற வேண்டும். போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு ரத்தானதை உறுதிசெய்ய வேண்டும். இதை ஒவ்வோர் ஆட்டோ நிறுத்தத்திலும் எடுத்துச் சொல்வோம்.

அதோடு நில்லாமல் போராடுவோம்: ஆட்டோவுக்கும் சிறு சரக்கு வண்டிக்கும் உயர்த்திய கட்டணத்தைத் திரும்பப் பெறு! மாற்று வண்டிக்கு வட்டியில்லாக் கடன் வழங்கு! காயலான் கடைத் தொழிலாளர்களின் கூட்டுறவுகளுக்கு வங்கி உத்தரவாதமின்றிப் பதிவு கொடு! உடைக்கும் கரங்களுக்கு ஈஎஸ்ஐ, வைப்பு நிதி, பாதுகாப்புக் கருவிகளை உறுதிசெய்!

வாகனத்தின் இறப்புக்குச் சான்றிதழ் தரும் அரசே, அதை ஓட்டியவனும் உடைப்பவனும் வாழ வழி சொல்!