அலைக்கும் ஒரு தராசு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்க்குத் தராசின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. காலை முதல் மாலை வரை மலையேறிக் கொய்த கொழுந்து, இறுதியில் தராசின் முள் காட்டும் எண்ணாகவே கணக்கில் ஏறுகிறது. அந்த முள்ளைப் பார்ப்பவர் யார், ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கிறார் என்பவற்றில் எழுந்த சச்சரவுகள் எத்தனை! அளப்பவன் கையிலேயே அதிகாரமும் இருக்கிறது என்னும் உண்மையை நம் பாட்டிமார் எந்த நூலையும் கற்காமலே நன்கு அறிந்திருந்தனர்.

இன்று ஊவா மலைநாட்டில், கொழுந்தைப் போலவே நிறுத்துப் பார்த்து வாங்கவேண்டிய இன்னொரு பண்டம் வந்து சேர்ந்திருக்கிறது. அது கண்ணுக்குப் புலப்படாதது, கைக்கும் எட்டாதது. கம்பியில்லா இணையத்தை வீட்டினுள் பரப்பும் அலையையே குறிப்பிடுகிறேன். வை-பை என்று சிறுவரும் முதியோரும் அதனை வழங்குகின்றனர். மாதந்தோறும் பணம் கொடுத்து வாங்குகிறோம். கொடுத்த பணத்துக்கு எவ்வளவு கிடைத்தது என்று மட்டும் அறியோம். "சிக்னல் இல்லை" என்ற இரண்டு சொற்களோடு நம் முறையீடு முடிந்துவிடுகிறது. அளவு சொல்லத் தெரியாதவனின் முறையீட்டை எவர்தாம் செவிமடுப்பர்?

இந்த அலையை அளக்கும் தராசு நம் சட்டைப்பையிலேயே கிடக்கிறது. 'வை-பை அனலைசர்' முதலிய பெயர்களில், அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளுக்கு உரிய செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தப் பழகுவதும், பழகிய அறிவை ஊர்ப் பொதுநலத்துக்கு ஆக்குவதும் மலையக இளைஞர் மேற்கொள்ளவேண்டிய தொண்டு என்பதே என் துணிபு.

அச்செயலி செய்வது யாது? கைத்தொலைபேசியைச் சுற்றிலும் பரவியிருக்கும் வலையமைப்புகளை அது பட்டியலிடுகிறது. ஒவ்வொன்றின் பெயர், வலிமை, அலைத்தடம், பூட்டின் தன்மை ஆகிய நான்கையும் காட்டுகிறது. வலிமையைக் குறிக்கும் எண்ணின் முன்னே கழித்தற் குறி நிற்பதைக் கண்டு பலர் மருள்வர். மருள வேண்டியதில்லை. கழித்தல் 40 என்பது மிக நல்ல வலிமை. கழித்தல் 67 வரை ஒளிப்படத்தோடு கூடிய பாடத்தைத் தடையின்றிக் கேட்கலாம். கழித்தல் 80க்குக் கீழே போய்விட்டால் ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்தே வரும். இந்த எண்கள் சாதாரணக் கணக்கில் ஏறி இறங்குவன அல்ல. 10 டெசிபல் குறைந்தால் வலிமை பத்திலொன்றாகிறது. 3 குறைந்தாலே பாதியாகிறது. எனவே கழித்தல் 40க்கும் கழித்தல் 70க்கும் இடையிலான வேற்றுமை ஆயிரம் மடங்கு. திரையில் தெரியும் நாலைந்து கோடுகள் இவ்வளவு பெரிய வேற்றுமையை நமக்கு ஒருபோதும் சொல்வதில்லை.

இனி நம் லயங்களுக்கு வருவோம். பன்னிரண்டு காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயம் ஒன்றை எண்ணிக்கொள்க. மேலே தகரம்; இடையே சுவர்; முன்னே இஸ்தோப்பு. தகரம் இந்த அலையை ஊடுருவ விடாது திருப்பியடிக்கும். கருங்கற் சுவரும் தடித்த செங்கற் சுவரும் அதன் வலிமையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தொங்கல் காம்பராவில் வைத்த ரவுட்டர், நாலாவது காம்பராப் பிள்ளைக்குப் பயன்படாமல் போவதன் காரணம் இதுவே. மூடுபனி இறங்கியதால் இணையம் மங்கிவிட்டது என்று நம்மிற் பலர் சொல்வதுண்டு. இந்த அலைவரிசையில் பனியால் விளையும் இழப்பு மிக மிகச் சிறிது. தடை பனியில் இல்லை. தகரத்திலும் சுவரிலும், சற்று அப்பாற் பார்த்தால் குறுக்கே நிற்கும் மலையிலுமே இருக்கிறது. செயலியைக் கையிலேந்தி, காம்பராவின் மூலையிலிருந்து இஸ்தோப்பு வரை பத்து அடி நடந்தால் எண் எங்ஙனம் மாறுகிறது என்பதைக் கண்ணாரக் காணலாம். ரவுட்டரைத் தரையிலிருந்து எடுத்துச் சன்னலருகே உயரத்தில் வைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அலைத்தடத்தின் செய்தியும் அத்தகையதே. பழைய, பரவலான 2.4 கிகாஹேட்ஸ் வரிசையில் தடங்கள் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. செயலியின் படத்தில் ஒவ்வொரு வலையமைப்பும் ஒரு குன்றின் வடிவில் தோன்றும். 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களில் நிற்கும் குன்றுகளே ஒன்றோடொன்று மோதாதவை. ஒரே தடத்தில் நிற்கும் இரண்டு ரவுட்டர்கள், ஒன்று பேசும்போது மற்றது பொறுத்திருந்து, முறைவைத்துப் பேசிக்கொள்ளும். 3இலோ 4இலோ ஒருவர் குறுக்கே நின்றுவிட்டால், இருபுறத்தார் பேச்சும் அவருக்கு இரைச்சல். அவர் பேச்சும் அவர்களுக்கு இரைச்சல். ஒரு லயத்தில் நாலைந்து பேர் ரவுட்டர் வைத்திருந்தால், செயலியைத் திறந்து ஒரு மாலைப்பொழுது கூடிப் பேசி, 'நீ 1, நான் 6, அவர் 11' என்று பங்கிட்டுக்கொள்ளலாம். பீலித் தண்ணீருக்கு முறை வகுத்து வாழ்ந்த மக்களுக்கு இது அரிய காரியமா? வேகம் மிகுந்த 5 கிகாஹேட்ஸ் வரிசையில் நெரிசல் குறைவு. ஆனால் சுவரைக் கடக்கும் ஆற்றலும் அதற்குக் குறைவு. ஒரே காம்பராவினுள் இருப்போர்க்கு அது பொருந்தும்.

நிற்க. இந்தத் தராசு எதனை அளக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வை-பை என்பது ரவுட்டருக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையிலான சில அடி தூரத்துச் செய்தி. அந்த ரவுட்டருக்கு இணையம் எங்கிருந்து வருகிறது? நம் தோட்டங்களில் பெரும்பாலும் தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து, நான்காம் தலைமுறை அலையாக வருகிறது. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மலைமுகடு நின்றால், வீட்டினுள் செயலி கழித்தல் 40 என்று மகிழ்ச்சியூட்டினும் பாடம் ஓடாது. "கோடெல்லாம் நிறைந்திருக்கிறது, நெட் மட்டும் வேலை செய்யவில்லை" என்று நாம் கேட்கும் புலம்பலின் விளக்கம் இதுதான். செயலியின் எண் நன்றாக இருந்தும் இணையம் வராவிடின், குறை வீட்டுக்கு வெளியே இருக்கிறது என்று பெரும்பாலும் துணியலாம். எண்ணே தாழ்ந்திருப்பின், முதலில் நம் வீட்டைச் சீர்செய்ய வேண்டும். எந்தக் குறை யாருடையது என்று பிரித்துக் காட்டுவதே இத்தராசின் தலையாய பயன்.

இதெல்லாம் பொழுதுபோக்கு ஆராய்ச்சி என்று எண்ணுவோர் 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளை நினைவுகூர்க. கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. 2021இல், பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவக் கிராமத்தின் ஆசிரியரும் மாணவரும் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, அலை கிடைக்கும் மலையுச்சியை அடைந்து பாடம் பெற்ற செய்தியை உலகச் செய்தி நிறுவனங்கள் படங்களோடு வெளியிட்டன. லுணுகலைப் பகுதியில் ஏறக்குறைய 30 அடி உயரத்தில் மரத்தின்மேல் பரண் கட்டி, பெற்றோர் காவலிருக்கப் பிள்ளைகள் கற்றனர். துன்பம் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையும் ஒரே மலையின் இரு சரிவுகளில் அதனை அனுபவித்தனர். எந்தப் பாறையின்மேல் அலை கிடைக்கும் என்பதை அப்பிள்ளைகள் அலைந்து திரிந்தே கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய கால்களே அன்று தராசாயின.

இப்பொருளில் ஒரு தீமையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அளக்கும் செயலிகளோடு, பிறர் வலையமைப்பினுள் கள்ளத்தனமாகப் புகுத்திவிடுவோம் என்று ஆசை காட்டும் செயலிகளும் உலவுகின்றன. சில, ரவுட்டரின் தொழிற்சாலைக் குறியெண்களை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பன. வேறு சில, நம்முடைய கடவுச்சொல்லையே ஊருக்கெல்லாம் பகிர்வன. "துரை பங்களாவில் கொட்டிக் கிடக்கிறதே, நாம் கொஞ்சம் எடுத்தால் என்ன?" என்று வாதிடும் இளைஞரும் உண்டு. அவர் உள்ளக் கொதிப்பின் நியாயம் எனக்கு விளங்காமலில்லை. எனினும் அந்த வழி நமக்கு வேண்டாம். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டப்படி அனுமதியின்றிப் புகுதல் குற்றம். ஒரு பிள்ளையின் எதிர்காலம் அதற்கு விலையாகலாம். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. திருடிப் பெற்றவன் உரிமை கேட்கும் தகுதியை இழக்கிறான். பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு மனமுவந்து கடவுச்சொல்லைக் கொடுப்பது வேறு. உப்பும் நெருப்பும் இரவல் கொடுத்து வாழ்ந்த லய வாழ்வின் பண்பு அது.

செயலி காட்டும் நான்காவது செய்தியாகிய பூட்டையும் கவனிக்க. பூட்டே இல்லாத வலையமைப்பில் வங்கிக் கணக்கைத் திறப்பது அறிவுடைமையாகாது. டபிள்யூ.ஈ.பி. என்று காணின், அது எளிதில் உடைபடும் பழம்பூட்டு. டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்று இருப்பதே தக்கது. அளக்கும் செயலி நம் இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்கும். அருகிலுள்ள ரவுட்டர்களைக் கொண்டு ஒருவர் நிற்குமிடத்தை ஊகிக்கலாம் என்பதால் அன்ட்ரொயிட் விதித்த நிபந்தனை அது. ஆனால் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் காட்டு என்று கேட்கும் செயலியை அக்கணமே நீக்கிவிடுக. ஐபோன் வைத்திருப்போர்க்கு இவ்வசதி கிட்டாது. சுற்றுப்புற வலையமைப்புகளைப் பட்டியலிட அப்பிள் நிறுவனம் சாதாரணச் செயலிகளை விடுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "நாள் முழுதும் உழைத்து வரும் தொழிலாளியைத் தொழில்நுட்பராகவும் ஆகச் சொல்கிறீரா? இணையம் தருவது கம்பனிக்கும் அரசுக்கும் உரிய கடமையன்றோ?" என்பர். முற்றிலும் உண்மை. அக்கடமையை நிறைவேற்றச் செய்வதற்கே தராசு வேண்டும் என்கிறேன். 2015இல் அரசு பொது இடங்களில் இலவச வை-பை அமைக்கத் தொடங்கியபோது புகையிரத நிலையங்கள், நூலகங்கள் போன்ற இடங்களே தெரிந்தெடுக்கப்பட்டன. லயத்து முற்றம் பொது இடமாக எவர் கண்ணிலும் படவில்லை. படாததற்கு வரலாறு உண்டு. தோட்டம் தனியார் நிலம். வெளியார் புகுவது குற்றம். கோ. நடேசய்யர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் புடவை வியாபாரி வேடம் புனைந்தே தோட்டத்தினுள் நுழைந்து மக்கள் நிலையை அறிய வேண்டியிருந்தது. பிற்காலத்திலும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, நம் வாக்குகளைப் பெற்ற சபைகள் தோட்டத்தினுள் பணம் செலவிடத் தடையாக நின்றது. அத்தடை 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தால் நீங்கியது.

ஆகவே இன்று கேட்கக்கூடியது ஒன்றுண்டு. பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை முதலிய சபைகள், தம் எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் வாசிகசாலையிலோ, பிள்ளைக் காம்பராவிலோ, கோயில் மண்டபத்திலோ பொது இணைய இணைப்பு ஒன்றை அமைக்கட்டும். மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை பிள்ளைகள் அமர்ந்து படிக்க ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒழுங்காக வைத்த ஒரு ரவுட்டர்: இவ்வளவே. வீதிக்குக் கொங்கிறீற்று இடுவதைவிட இதற்கு அதிகம் செலவாகாது.

கேட்கும்போது வெறுங்கையோடு கேட்க வேண்டாம். உயர்தரம் படிக்கும் மாணவர் இருவர் மூவர் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகச் செல்லட்டும். எந்த லயத்தில் எத்தனை வலையமைப்பு, அவற்றின் எண் என்ன என்று செயலியைப் பார்த்துக் குறிக்கட்டும். கோபுரத்து அலையின் வலிமையைக் கைத்தொலைபேசியின் அமைப்புப் பகுதியிலே, சிம் நிலை காட்டும் இடத்தில் கண்டு, அதனையும் பக்கத்திலே எழுதட்டும். ஒரு பயிற்சிப் புத்தகம் போதும். அப்புத்தகத்தின் படியொன்று பிரதேச சபைக்கு. இன்னொன்று இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு. பதில் வராவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நம் பிரிவுக்கு என்ன திட்டம், எப்போது, யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்க எந்தக் குடிமகனுக்கும் அது உரிமை தருகிறது. "சிக்னல் இல்லை" என்ற முறையீட்டை அலுவலர் சிரித்து ஒதுக்கலாம். இருபத்துநான்கு காம்பராக்களின் எண்களைத் தேதியிட்டு எழுதிய தாளை ஒதுக்குவது அத்துணை எளிதன்று.

1924இல் பதுளைக்குப் புகைவண்டி வந்தது, தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு விரைந்து போகவேண்டும் என்னும் தேவை இருந்ததனால். நம் பிள்ளைகளின் கல்வி விரைந்து வரவேண்டும் என்னும் தேவையை நாம்தான் எடுத்துரைக்க வேண்டும். அதனை எண்ணிட்டு எடுத்துரைக்கும் வேலை, அடுத்த ஞாயிறே தொடங்கக்கூடியது.