பத்துக் கட்டு

வேடந்தாங்கலை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பொங்கல் விடுமுறை முடிந்து திறந்த வாரம் முழுக்க அங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்புக்கும் ஒரே டீச்சர். அறுபது பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு. சின்ன ஊர்களில் ஐந்து வகுப்பையும் அந்த இருவர்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினாள். நாற்பத்திரண்டு. நோட்டில் 42 என்று அழகாக எழுதியும் விட்டாள். டீச்சர் எழுத்தின் மேல் விரலை வைத்து, "இந்த ரெண்டு எது, காட்டு கண்ணு" என்றார். இரண்டு கொட்டைகளைத் தள்ளி வைத்தாள். "இந்த நாலு?" அவள் நான்கு கொட்டைகளைத் தள்ளி வைத்தாள். மீதி முப்பத்தாறு கொட்டைகள் தரையில் அப்படியே கிடந்தன. அவை எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வியே அவளுக்கு எழவில்லை.

தேர்வுத்தாளில் இந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண் விழுந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியை ஈடுகட்ட 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. எந்த வகுப்பு என்று பார்க்காமல், எதுவரை தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் அந்த ஏற்பாட்டை நான் மனதார ஆதரிக்கிறேன். வகுப்பு எண்ணை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினால், தெரியாத பிள்ளை தெரியாமலேயே ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிடும். ஆனால் பிரித்த பிறகு பக்கத்தில் உட்கார ஆசிரியருக்கு நேரம் வேண்டுமே! பதிவேடும், செல்போனில் ஏற்ற வேண்டிய விவரங்களும் தின்னும் நேரத்தைப் பார்க்கையில் எனக்குக் கோபம்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் வந்தன. டீச்சர் அந்தச் சிறுமியைப் பத்துப் பத்தாகக் கட்டச் சொன்னார். கட்டினாள். ஆனால் எத்தனை குச்சி என்று கேட்டால், கட்டுக்குள் இருப்பதையும் மறுபடி ஒன்று, இரண்டு என்றுதான் எண்ணினாள். கட்டிக் கொடுத்தால் மட்டும் பத்து என்பது ஒரே பொருளாக மனதில் நின்றுவிடாது. ஒவ்வொன்றாக எண்ணி மாளாது என்று பிள்ளைக்கே தோன்ற வேண்டும்.

அதற்குத்தான் புதன்கிழமை வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குப் போனோம். சுமார் 30 ஹெக்டேர் பரப்பு; தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம் எல்லாம் கிளை கொள்ளாமல் கூடு கட்டியிருந்தன. இந்தப் பறவைகளுக்குக் காவல் வேண்டும் என்று 1798-இலேயே ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமை எழுதி வாங்கிய ஊர் இது. பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "எச்சம் கலந்த தண்ணி பாய்ஞ்சா யூரியா கம்மியா போட்டாப் போதும்னு எங்க தாத்தா சொல்வாரு" என்றான் ஒரு பையன், யாரும் கேட்காமலேயே.

"அந்த மரத்துல எத்தனைன்னு எண்ணுங்க" என்றார் டீச்சர். எண்ணத் தொடங்கினார்கள். இருபதைத் தாண்டும் முன்பே நாலு பறந்தன, ஆறு வந்து உட்கார்ந்தன. "நிக்கவே மாட்டேங்குது டீச்சர்!" மூன்று முறை தோற்ற பிறகு அவர் வழி சொன்னார்: ஒரு பத்தை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள், அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அந்த அளவை மரம் முழுக்க நகர்த்திப் பாருங்கள். கூட்டமாக இருக்கும் பறவைகளைக் கணக்கெடுப்பவர்களும் இப்படித்தான் ஒரு பகுதியை எண்ணிக்கொண்டு மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள்.

அந்தச் சிறுமி ஒற்றைக் கண்ணை மூடி, விரல்களை வளையமாக்கி மரத்தின் மேல் நகர்த்தினாள். "ஆறு பத்து, அப்புறம் மூணு." எழுதச் சொன்னதும் 63 என்று எழுதினாள். வியாழக்கிழமை புளியங்கொட்டையில் வேறோர் எண்ணைக் கொடுத்து டீச்சர் அதே கேள்வியைக் கேட்டபோது, பத்துப் பத்தாகக் குவித்தவற்றை அப்படியே தள்ளி வைத்தாள். ஒன்றைக்கூட மறுபடி எண்ணவில்லை.

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பாடமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இது புரியாமல் போன பிள்ளை பெருக்கலிலும் வகுத்தலிலும் பட்ட பாட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் எனக்கு மலிவாகவே படுகிறது.

வெள்ளிக்கிழமை மாலை டீச்சர் அடுத்த வாரத்துக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். கடன் வாங்கிக் கழித்தல். 53-இலிருந்து 28 போக வேண்டுமானால், கஷ்டப்பட்டுக் கட்டிய ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். "அங்கதான் பாதிப் பேர் நிப்பாங்க சார், இன்னொரு வாரம் ஆகும்" என்றார்.