வால் கற்பித்த பாடம்

வானில் பறக்க விழைந்த மாந்தரின் வரலாற்றில் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் அவர்கட்குத் தனியிடம் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கொர்தோவாவில் வாழ்ந்த அப்பேரறிஞர், இறகு போர்த்திச் சிறகு பூட்டிக் காற்றில் மிதந்தார் என்றும், இறங்குகையில் காயமுற்றார் என்றும், பறவைக்கு வால் பயன்படும் வகையை எண்ணாது விட்டதே அதற்குக் காரணம் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ எழுதியுள்ளார்.

அவ்வாலின் அருமையை 1871இல் பாரிசு நகரில் மெய்ப்பித்துக் காட்டியவர் அல்போன்ஸ் பெனோ. முறுக்கிய ரப்பர் இழையால் இயங்கிய அவரது சிறு மாதிரி விமானத்தைத் தடுமாறாது காத்தது அதன் பின்சிறகே. அவர் வடிவமைத்த வகையைச் சார்ந்த பறக்கும் பொம்மையொன்றை 1878இல் தந்தையிடம் பெற்று மகிழ்ந்த சிறுவர்களே, 1903இல் விமானம் படைத்த ரைட் சகோதரர்கள். விளையாட்டு வெறும் விளையாட்டாக முடிந்துவிடவில்லை!

மாதிரி விமானக் கலையின் சிறப்பே இதுதான். பால்சா மரத்தைச் செதுக்கி, மெல்லிய தாள் ஒட்டி, எடை மையம் எங்கே நிற்கிறது எனத் தேர்ந்து பறக்கவிடுவர், விழும், ஏன் விழுந்தது என ஆய்ந்து மீண்டும் ஆக்குவர். அமெரிக்காவில் 1936 முதல் இயங்கிவரும் மாதிரி விமானக் கழகம் இக்கலையை ஒழுங்குடன் வளர்த்தது.

இன்று ட்ரோன் வந்துவிட்டது. அதற்கு வாலில்லை, வால் செய்யும் பணியை நுண்சில்லு செய்கிறது. சாய்வை உணர்ந்து, நான்கு விசிறிகளின் வேகத்தையும் கணந்தோறும் அதுவே திருத்துகிறது. காலையில் வாங்கியவர் மாலையில் பறக்கவிடலாம். வயலுக்கும் வெள்ள மீட்புக்கும் உதவும் அக்கருவியை இகழ்வது அறிவுடைமை ஆகாது. ஆயின், ஆக்கிப் பழகிய கை வாங்கிப் பழகும் கையாக மாறுவது இழப்பன்றோ?

கட்டுப்பாடறியாக் கைகளில் ட்ரோன்கள் பெருகவே, சட்டமும் இறுகியது. அமெரிக்காவில், கழக விதிப்படி பறக்கவிடுவோர்க்கு 2012ஆம் ஆண்டுச் சட்டம் தனிவிலக்கு அளித்திருந்தது. 2015இல் 250 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்குப் பதிவு கட்டாயமாயிற்று; 2017இல் நீதிமன்றம் அதனை நீக்க, அவ்வாண்டே புதுச்சட்டம் மீட்டது. 2018இல் பழைய தனிவிலக்கும் நீங்கியது. 2023 முதல், தம் அடையாளத்தை வானலையில் அறிவிக்கும் கருவியில்லாத பதிவுற்ற விமானங்கள், ஏற்பளிக்கப்பட்ட திடல்களில் மட்டுமே பறக்கலாம் என்றாயிற்று.

மனித உயிரைவிடப் பொழுதுபோக்குப் பெரிதன்று; ஆதலின் சட்டம் தேவையே. ஆனால், சட்டத்தின் தராசு எடையை நிறுக்கிறதேயன்றி உழைப்பை நிறுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் விபத்தின்றித் திடலில் பறக்கவிட்ட முதியவரும், நேற்றுக் கடையில் வாங்கிய இளைஞரும் ஒரே தட்டில் நிறுத்தப்படுகின்றனர். இதற்கு நேரிய தீர்வு, ஏற்பளிக்கப்பட்ட திடல்களைப் பெருக்குவதே.

நம் நாட்டில் 2021இல் வெளிவந்த ட்ரோன் விதிகள், கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய மாதிரி வானூர்திகளுக்கு வகைச்சான்றிலிருந்து விலக்களித்தன. அவ்வாய்ப்பைக் கல்லூரிகள் நழுவவிடலாகாது. மாணவச் செல்வங்களே! ட்ரோனை இயக்குங்கள், வேண்டாமென்று எவரும் தடுக்கவில்லை. அதற்குமுன், தாளும் மரமும் கொண்டு ஒரு சிறு விமானத்தையேனும் உங்கள் கையால் ஆக்கிப் பறக்கவிடுங்கள். அது விழுந்தால் வருந்தாதீர்கள். ஏன் விழுந்தது என்று கேளுங்கள். இப்னு பிர்னாஸ் விட்டுச்சென்ற வினாவுக்கு விடை தேடியவர்களே உலகைப் பறக்கவைத்தனர். அத்தேடலை இறைவன் உங்கட்கும் அருள்வானாக!